வன்னித் தொகுதிகளும் 1977 ஆம் ஆண்டு அபேட்சகர் தெரிவும்

அரசியற் கட்சிக்குக் கொள்கை உயிர் எனின், அக்கொள்கையை மக்கள்முன் ஏந்திச் செல்லும் அபேட்சகர் உடல் எனலாம். இவ்விரண்டும் பொருந்துவது எளிதன்று என்பதற்கு வன்னிப் பெருநிலத்தின் தேர்தல் வரலாறு சான்றாகும்.

வன்னி மக்கள் நெடுங்காலம் கட்சியினும் ஆளையே பெரிதாக மதித்தனர். கணிதப் பேராசிரியராய் விளங்கிய செ. சுந்தரலிங்கம் 1947, 1952, 1956 ஆகிய மூன்று பொதுத் தேர்தல்களிலும் வவுனியாவிற் சுயேச்சையாக நின்றே வென்றார். 1960 மார்ச்சில் அவரை வீழ்த்திய தா. சிவசிதம்பரமும் சுயேச்சை அபேட்சகரே. சமஷ்டிக் கொள்கையை முன்வைத்து 1956 இற் பத்துத் தொகுதிகளைக் கைப்பற்றிய தமிழரசுக் கட்சிக்கு வவுனியா 1970 இலேயே வசமாயிற்று. அவ்வாண்டு அக்கட்சியின் எக்ஸ். எம். செல்லத்தம்பு சிவசிதம்பரத்தைத் தோற்கடித்தார். கிளிநொச்சியிலோ, முன்னர்ச் சமசமாசக் கட்சியின் சார்பில் நின்று தோற்ற வீ. ஆனந்தசங்கரி தமிழ்க் காங்கிரசிற் சேர்ந்து அதே 1970 இல் வெற்றி கண்டார்.

1976 மே 14 ஆம் நாள் வட்டுக்கோட்டைத் தொகுதியிலுள்ள பண்ணாகத்திற் கூடிய தமிழர் விடுதலைக் கூட்டணி, சமஷ்டியைக் கைவிட்டுத் தனியரசே குறிக்கோள் எனத் தீர்மானித்தது. கொள்கை புதிது, ஆயின் வன்னியில் அதனை ஏந்தியோர் பழையவரே. வவுனியாவிலிருந்து முல்லைத்தீவு தனித் தொகுதியாகப் பிரிந்தமையால், 1970 இல் வென்றவருக்கும் தோற்றவருக்கும் இடங்கிடைத்தது. சிவசிதம்பரம் வவுனியாவிலும், செல்லத்தம்பு முல்லைத்தீவிலும், ஆனந்தசங்கரி கிளிநொச்சியிலும் நிறுத்தப்பட்டனர். 1977 யூலை 21 இல் மூவரும் வென்றனர். வட மாகாணத்தின் 14 தொகுதிகளும் கூட்டணிக்கே உரியவாயின.

இத்தெரிவின் திறம் யாது? பழம் பகைமையால் வாக்குகள் சிதறவில்லை. புதிய கொள்கையை ஐயுற்றோரும் பழகிய முகத்தை நம்பினர். ஆளை மதிக்கும் வன்னியின் இயல்பு கொள்கைக்குத் துணையாக்கப்பட்டது.

எனினும் இதற்கொரு மறுபக்கம் உண்டு. 1983 ஆகத்தில் நிறைவேறிய ஆறாவது திருத்தம், தனியரசை ஆதரிப்பதில்லை என உறுதிமொழி எடுக்குமாறு பாராளுமன்ற அங்கத்தவரைப் பணித்தது. கூட்டணியினர் மறுத்தனர், ஆசனங்களை இழந்தனர். தாம் வாக்குப் பெற்ற கொள்கைக்கு அவர் உண்மையாய் நின்றமை போற்றற்குரியதே. ஆயினும் குளமும் வயலும் காணியும் பற்றிய வன்னி விவசாயியின் குறைகளைச் சபையில் எடுத்துரைக்க, 1989 வரை அவர் தெரிந்த ஒருவரும் இல்லாதாயினர்.

1989 முதல் தொகுதிக்கு ஓர் ஆள் என்னும் முறை நீங்கி, மாவட்டத்துக்கு ஒரு பட்டியல் என்னும் முறை நடைமுறைக்கு வந்தது. முல்லைத்தீவும் வவுனியாவும் மன்னாருடன் வன்னித் தேர்தல் மாவட்டமாயின. கிளிநொச்சி யாழ்ப்பாணத்துடன் இணைந்தது. முறை மாறினும் வரலாறு கற்பிக்கும் பாடம் மாறவில்லை. அபேட்சகரைத் தெரியும் கட்சி, அவர் கொள்கைக்கு உகந்தவரா என வினாவுதலோடு அமையலாகாது. அக்கொள்கை அவரைச் சபையினின்று வெளியேற்றும் நாளில் அவரை அனுப்பிய மக்களுக்காக யார் பேசுவார் என்பதையும் வினாவுதல் வேண்டும்.