எல்லை தாண்டிப் படிக்கப் போனால் உதவித்தொகையும் கூட வருமா? திருவனந்தபுரத்தில் கல்லூரி சேர்பவர்களுக்கான வழிகாட்டி

கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர்களுக்குத் திருவனந்தபுரம் வெளியூர் மாதிரியே இருக்காது. 1956 நவம்பர் 1 வரை நாகர்கோவிலும் திருவனந்தபுரமும் ஒரே மாநிலத்தில் இருந்தவை. படிக்கவும் அங்கே இடங்கள் நிறைய: விதுராவில் ஐசர், வலியமலையில் விண்வெளித் துறையின் ஐ.ஐ.எஸ்.டி., பாளையத்தில் 1866-ல் தொடங்கிய யூனிவர்சிட்டி காலேஜ், காரியவட்டத்தில் கேரளப் பல்கலைக்கழகத்தின் துறைகள்.

ஆனால் உதவித்தொகை விஷயத்தில் களியக்காவிளை எல்லை ரொம்பக் கறாரானது. சில திட்டங்களின் பணம் மாணவரோடு எல்லை தாண்டி வரும். சில தமிழ்நாட்டிலேயே நின்றுவிடும். சிலது கேரளத்தைச் சேர்ந்தவர்களுக்கு மட்டும். எது எந்த வகை என்று சேர்ந்த பிறகு தெரிந்துகொண்டால் லேட். முக்கியமான மத்தியத் திட்டங்கள் முதலாம் ஆண்டிலேயே விண்ணப்பிக்க வேண்டியவை. அந்த ஒரு வாய்ப்பை விட்டால் மொத்தப் படிப்புக்கான பணமும் போய்விடும்.

வீட்டில் முதலில் வேலைக்குப் போனவர் நீங்கள் என்றால், தம்பி தங்கையின் விண்ணப்பம் உங்கள் லேப்டாப்பில்தான் நிரப்பப்படும். அதனால் இந்தக் கட்டுரை உங்களுக்கும்தான்.

எல்லை தாண்டி வரும் பணம் எது?

மத்திய அரசுத் திட்டங்கள். எந்த மாநிலத்தில் படித்தாலும் கிடைக்கும். இரண்டை முக்கியமாகத் தெரிந்துகொள்ளுங்க.

முதலாவது, கல்லூரி மாணவர்களுக்கான மத்தியத் துறை உதவித்தொகை. பி.எம்.-யு.எஸ்.பி. என்ற பெயரில் இப்போது இயங்குகிறது. ஆண்டுக்கு 82,000 பேருக்குப் புதிதாகத் தருகிறார்கள். அதில் பாதி மாணவிகளுக்கு. பட்டப்படிப்பின் முதல் 3 ஆண்டுகளுக்கு ஆண்டுக்கு ரூ.12,000. ஐந்து ஆண்டு ஒருங்கிணைந்த படிப்பு என்றால் 4, 5-ஆம் ஆண்டுகளில் ரூ.20,000. குடும்ப ஆண்டு வருமானம் ரூ.4.5 லட்சத்துக்குள் இருக்கணும்.

இங்கே இரண்டு விஷயங்களைப் பலர் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். ஒன்று, தகுதி 80 சதவீத மதிப்பெண் இல்லை, 80-வது பெர்சன்டைல். அதாவது உங்கள் போர்டில் அந்தப் பிரிவில் தேர்வானவர்களில் முதல் 20 சதவீதத்துக்குள் வரணும். இரண்டு, இடங்கள் கல்லூரி இருக்கும் மாநிலத்தை வைத்துப் பிரிக்கப்படுவதில்லை. 18 முதல் 25 வயது மக்கள்தொகையை வைத்து மாநிலங்களுக்குப் பிரித்து, பிறகு பிளஸ் டூ போர்டுகளுக்குப் பிரிக்கிறார்கள். அறிவியல், வணிகவியல், கலைப் பிரிவுகளுக்கு 3:2:1 என்ற விகிதம். ஆக, தமிழ்நாடு போர்டில் படித்துத் திருவனந்தபுரத்தில் சேரும் மாணவி தமிழ்நாட்டு மாணவிகளோடுதான் போட்டியிடுகிறார், கேரள மாணவிகளோடு இல்லை.

இரண்டாவது, அறிவியல் தொழில்நுட்பத் துறையின் இன்ஸ்பயர் உயர்கல்வி உதவித்தொகை. ஆண்டுக்கு ரூ.80,000. இதில் ரூ.60,000 கையில் வரும், ரூ.20,000 கோடைகால ஆய்வுப் பணிக்கு. பிளஸ் டூவில் போர்டின் முதல் 1 சதவீதத்துக்குள் வந்தவர்கள், அல்லது ஜே.இ.இ., நீட் போன்ற தேர்வுகளில் முதல் 10,000 ரேங்குக்குள் வந்தவர்கள் விண்ணப்பிக்கலாம். அடிப்படை அறிவியல் பட்டப்படிப்பில் சேர்ந்திருக்க வேண்டும். யூனிவர்சிட்டி காலேஜில் பி.எஸ்சி. இயற்பியல் படித்தால் தகுதி உண்டு. ஐ.ஐ.எஸ்.டி.யில் பி.டெக். படித்தால் கிடையாது.

எதைத் தேர்ந்தெடுப்பது?

இரண்டையும் சேர்த்து வாங்க முடியாது. மத்தியத் துறை உதவித்தொகையின் விதியில் இது தெளிவாகவே இருக்கிறது: மாநில அரசின் உதவித்தொகை, கட்டண விலக்கு உட்பட வேறு எந்த உதவியும் பெறக் கூடாது.

ஐந்து ஆண்டு அறிவியல் படிப்புக்குக் கணக்குப் போட்டுப் பாருங்க. மத்தியத் துறை உதவித்தொகை: 12,000 × 3 + 20,000 × 2 = ரூ.76,000. இன்ஸ்பயர்: 80,000 × 5 = ரூ.4 லட்சம். வித்தியாசம் ஐந்து மடங்குக்கு மேல். முதலில் கண்ணில் பட்டதற்கு விண்ணப்பித்துவிட்டு, பிறகு பெரியதற்குத் தகுதி இருந்ததைத் தெரிந்துகொள்வதில் பயனில்லை. தகுதியுள்ள எல்லாத் திட்டங்களையும் ஒரு தாளில் எழுதி, மொத்தப் படிப்புக்கும் எவ்வளவு வரும் என்று பக்கத்தில் குறித்துக்கொண்டு, அதற்கப்புறம் போர்ட்டலைத் திறங்க.

தமிழ்நாட்டிலேயே நின்றுவிடுவது எது?

அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத இடஒதுக்கீடும், அதோடு வரும் கல்வி, விடுதிக் கட்டணச் சலுகையும் தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் தமிழ்நாட்டுக் கலந்தாய்வு வழியாகச் சேர்பவர்களுக்குத்தான். முதல் பட்டதாரி கட்டணச் சலுகையும் கலந்தாய்வோடு பிணைந்தது. தமிழ்நாட்டில் ஒரு பொறியியல் இடத்தை விட்டுவிட்டு எல்லை தாண்டுவதாக இருந்தால், இந்தச் சலுகைகளின் நான்காண்டு மதிப்பையும் செலவுக் கணக்கில் சேர்க்கணும்.

இதில் ஒரு விதிவிலக்கு உண்டு. 6 முதல் 12-ஆம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்கள் ஐ.ஐ.டி., ஐ.ஐ.எஸ்சி., எய்ம்ஸ் போன்ற முன்னணி நிறுவனங்களில் சேர்ந்தால் இளநிலைப் படிப்புச் செலவு முழுவதையும் அரசே ஏற்கும் என்று தமிழ்நாட்டின் 2022-23 பட்ஜெட்டில் அறிவித்தார்கள். நீங்கள் சேரும் நிறுவனம் அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று, கட்டணம் கட்டும் முன்பே படித்த பள்ளியின் தலைமை ஆசிரியரிடம் கேளுங்க.

பட்டியல் சாதி மாணவர்களுக்கு எந்த மாநிலம் பணம் தரும்?

குழப்பம் அதிகமுள்ள இடம் இதுதான். போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகையில் விதி எளிது: மாணவர் எந்த மாநிலத்தைச் சேர்ந்தவரோ அந்த மாநிலம் தரவேண்டும். தமிழ்நாட்டு மாணவர் திருவனந்தபுரத்தில் படித்தாலும் பணம் தரவேண்டியது தமிழ்நாடு. குடும்ப வருமான வரம்பு ரூ.2.5 லட்சம். 2021-ல் திருத்திய விதிப்படி கட்டாயக் கட்டணங்களோடு பராமரிப்புத் தொகையும் உண்டு. பொறியியல் போன்ற தொழிற்படிப்புக்கு விடுதி மாணவருக்கு ஆண்டுக்கு ரூ.13,500, வீட்டிலிருந்து போய் வருபவருக்கு ரூ.7,000. பி.ஏ., பி.எஸ்சி. போன்ற பட்டப்படிப்புக்கு முறையே ரூ.6,000, ரூ.3,000. அதே விதிகளில் 'ஃப்ரீஷிப் கார்டு' என்ற ஏற்பாடும் இருக்கிறது. அதைக் காட்டினால் கல்விக் கட்டணத்தை முன்கூட்டியே கட்டாமல் சேரலாம். ஊரை விட்டுக் கிளம்பும் முன் மாவட்ட ஆதிதிராவிடர் நல அலுவலகத்தில் இதைக் கேளுங்க.

சேர்க்கை இடஒதுக்கீடு வேறு கதை. அரசியலமைப்பின் 341-வது பிரிவுப்படி பட்டியல் சாதிகள் மாநிலவாரியாக அறிவிக்கப்படுகின்றன. வேறு மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தால் அந்தத் தகுதி கூடவே வராது என்று 1990-ல் மர்ரி சந்திரசேகர ராவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஐசர் போன்ற மத்திய நிறுவனத்தில் தமிழ்நாட்டுச் சான்றிதழ் செல்லும். கேரள அரசின் ஒதுக்கீட்டு இடத்துக்குச் செல்லாது. பொறியியலுக்கான கீம் சேர்க்கையிலும் விண்ணப்பதாரர்களைக் கேரளீயர், கேரளீயர் அல்லாதவர் என்று பிரித்துத்தான் பார்க்கிறார்கள்.

இந்த விதியால் அதிகம் அடிபடுவது கேரளத்திலேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகள். இடுக்கித் தேயிலைத் தோட்டங்களில் தலைமுறைகளாக வாழும் குடும்பங்களிடம், 1950-க்கு முன்பே கேரளத்தில் இருந்ததற்கு ஆவணம் கேட்கிறார்கள். லயத்து வீட்டில் வாழ்ந்த கூலித் தொழிலாளியிடம் பட்டா எங்கே இருக்கும்? கேரளச் சான்றிதழ் இல்லாவிட்டால் கேரளத்தின் 'இ-கிராண்ட்ஸ்' உதவியும் இல்லை. அப்படிப்பட்ட குடும்பம் என்றால் தாத்தா, பாட்டியின் தோட்ட வேலைப் பதிவேடு, பள்ளிப் பதிவு, வருங்கால வைப்பு நிதி ஆவணம் எதுவானாலும் தேடி எடுத்து வையுங்க. பிளஸ் டூ ரிசல்ட் வரும்வரை காத்திருக்க வேண்டாம்.

எந்தெந்தச் சான்றிதழ்களை ஊரிலேயே வாங்க வேண்டும்?

வருமானம், சாதி, இருப்பிடம் ஆகிய மூன்றும் இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து வாங்குபவை. மத்திய நிறுவனத்துக்குப் பிற்படுத்தப்பட்டோர் பிரிவில் போகிறவர்களுக்கு மாநிலச் சாதிச் சான்றிதழ் மட்டும் போதாது. மத்திய அரசுப் படிவத்தில் 'கிரீமி லேயர் இல்லை' என்ற சான்றிதழ் வேண்டும். அதையும் சேரும் ஆண்டின் ஏப்ரல் 1-க்குப் பிறகு வாங்கியதாகக் கேட்பார்கள். பழைய சான்றிதழோடு போனால் பொதுப் பிரிவுக்கு மாற்றப்படும் ஆபத்து உண்டு.

பள்ளியிலிருந்து மாற்றுச் சான்றிதழ், நன்னடத்தைச் சான்றிதழ். போர்டிலிருந்து மைக்ரேஷன் சான்றிதழ். வேறு மாநில போர்டில் படித்தவர்களிடம் பல்கலைக்கழகம் தகுதிச் சான்றிதழ் கேட்கக்கூடும். புராஸ்பெக்டஸில் அந்தப் பகுதியை முதலில் படியுங்க. ராகிங் எதிர்ப்பு உறுதிமொழியை மாணவரும் பெற்றோரும் ஆன்லைனில் தர வேண்டும். பிரச்சினை வந்தால் 24 மணி நேர உதவி எண் 1800-180-5522.

வேறு இடம் கிடைத்துக் கல்லூரி மாறினால்? யு.ஜி.சி.யின் 2018 அறிவிப்புப்படி அசல் சான்றிதழ்களை எந்தக் கல்லூரியும் பிடித்து வைத்துக்கொள்ள முடியாது. சரிபார்த்துவிட்டுத் திருப்பித் தரவேண்டும். கட்டணத்தைத் திருப்பித் தரவும் விதி இருக்கிறது: சேர்க்கையின் கடைசித் தேதிக்கு 15 நாள் முன்பே விலகினால் 100 சதவீதம், தேதி நெருங்க நெருங்கக் குறையும், கடைசித் தேதிக்கு 30 நாள் கழிந்துவிட்டால் ஒன்றும் கிடையாது.

பணம் ஏன் வந்து சேர்வதில்லை?

தேசிய உதவித்தொகை போர்ட்டலில் விண்ணப்பிக்க முதலில் ஓ.டி.ஆர். என்ற ஒருமுறைப் பதிவு வேண்டும். ஆதார் அடிப்படையில் 14 இலக்க எண் தருவார்கள்; படிப்புக் காலம் முழுக்க அதுதான். விண்ணப்பித்ததும் வேலை முடிந்தது என்று நினைக்காதீங்க. முதல் சரிபார்ப்பு கல்லூரியின் நோடல் அலுவலர் கையில். அவர் பிழை என்று திருப்பி அனுப்பினால், கடைசித் தேதிக்குள் திருத்தி மறுபடி அனுப்பணும். அவர் பார்க்காமலே விட்டால் விண்ணப்பம் அங்கேயே முடிந்துவிடும். அலுவலகத்துக்கு நேரில் போய், சரிபார்த்தாச்சா என்று கேட்பது முக்கியம்.

அடுத்த சிக்கல் வங்கிக் கணக்கு. கணக்கில் ஆதார் நகல் கொடுத்திருப்பது வேறு, நேரடிப் பணப் பரிமாற்றத்துக்காக ஆதாரைக் கணக்கோடு 'சீடிங்' செய்வது வேறு. பணம், ஆதார் கடைசியாக எந்தக் கணக்கில் சீடிங் ஆனதோ அங்கேதான் போகும். கல்லூரி சேர்ந்ததும் வளாகத்து வங்கியில் புதுக் கணக்கு தொடங்கும்போது படிவத்தில் ஒரு டிக் போட்டால் போதும், மாறிவிடும். ஆதார் இணையதளத்தில் 'பேங்க் சீடிங் ஸ்டேட்டஸ்' பார்த்தால் இப்போது எந்த வங்கி என்று தெரியும்.

புதுப்பித்தலும் உண்டு. மத்தியத் துறை உதவித்தொகை அடுத்த ஆண்டும் தொடர 50 சதவீத மதிப்பெண்ணும் 75 சதவீத வருகைப் பதிவும் வேண்டும்.

முதல் கட்டணத்துக்கு என்ன வழி?

கட்டணம் சேர்க்கை நாளில் கட்டணும். உதவித்தொகை மாதக்கணக்கில் தாமதமாக வரும். அந்த இடைவெளியில்தான் பல குடும்பங்கள் வட்டிக்கு வாங்குகின்றன. 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்த பி.எம். வித்யாலட்சுமி திட்டத்தில், தேர்ந்தெடுத்த கல்வி நிறுவனங்களில் சேர்பவர்களுக்கு அடமானமோ ஜாமீனோ இல்லாமல் கல்விக் கடன் கிடைக்கும். மத்திய அரசின் நிறுவனங்கள் அந்தப் பட்டியலில் உண்டு. குடும்ப வருமானம் ரூ.8 லட்சம் வரை இருந்து, வேறு அரசு உதவித்தொகை பெறாதவர்களுக்கு ரூ.10 லட்சம் வரையிலான கடனில் 3 சதவீத வட்டிச் சலுகையும் உண்டு.

வேலைகளின் வரிசை இதுதான்: ஏப்ரல், மே மாதங்களில் சான்றிதழ்கள், ரிசல்ட் வந்ததும் எந்தத் திட்டம் என்ற கணக்கு, சேரும் முன் கடனுக்கோ ஃப்ரீஷிப் கார்டுக்கோ ஏற்பாடு, சேர்ந்த வாரமே போர்ட்டலில் விண்ணப்பம், அடுத்த மாதம் நோடல் அலுவலரின் மேசை. திருவனந்தபுரம் பக்கத்தில்தான் இருக்கிறது. ஆனால் மறந்துபோன ஒரு சான்றிதழுக்காக ஊருக்குத் திரும்பி வருவதற்குள் கடைசித் தேதி போய்விடும்.