ஊவா மலைநாடும் உலகின் புதிய அதிகார மையங்களும்

அதிகார மையம் என்பது, தன் எல்லைக்கு அப்பாலுள்ள நாடுகளின் முடிவுகளைப் படைபலத்தாலோ கடனாலோ சந்தையாலோ தொழில்நுட்பத்தாலோ தன் விருப்பத்துக்கு இசைய வைக்கவல்ல அரசைக் குறிக்கும் சர்வதேச அரசியற் கலைச்சொல்லாகும். இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் ஐக்கிய அமெரிக்காவும் சோவியத் ஒன்றியமும் எதிரெதிரே நின்ற நிலை இருதுருவ உலகு எனவும், 1991இல் சோவியத் ஒன்றியம் கலைந்தபின் அமெரிக்கா தனித்து ஓங்கிய நிலை ஒருதுருவ உலகு எனவும் வழங்கப்பட்டன. சீனா, இந்தியா, ரஷ்யா, பிரேசில், துருக்கி, ஈரான், வளைகுடா நாடுகள் முதலியன தத்தம் வட்டாரத்திலும் அதற்கு வெளியிலும் செல்வாக்கைப் பெருக்கிவரும் இன்றைய நிலையைப் பல்துருவ உலகு என்பர். இப்பெயர் நிலைமையைச் சற்றே மிகைப்படுத்துகிறது. துருவங்கள் பலவாயினும் அவை ஒரே கனத்தன அல்ல, அவற்றுட் பெரும்பாலானவை தங்கள் கணக்கை இன்னமும் அமெரிக்க டொலரிலேயே வைத்துக்கொள்கின்றன.

பிரேசில், ரஷ்யா, இந்தியா, சீனா ஆகிய நான்கையும் ஒருசேரச் சுட்டும் 'பிரிக்' என்னும் எழுத்துச் சுருக்கத்தை 2001இல் உருவாக்கியவர் கோல்ட்மன் சாக்ஸ் நிறுவனத்தின் பொருளியலாளர் ஜிம் ஓ'நீல் ஆவார். முதலீட்டாளர்களுக்காகப் பிறந்த அச்சொல் 2009இல் ரஷ்யாவின் யெகத்தரின்பூர்க் நகரில் நடந்த முதல் உச்சி மாநாட்டோடு அரசியல் அமைப்பொன்றின் பெயராயிற்று. பின்னர் தென்னாபிரிக்கா சேர்ந்து 'பிரிக்ஸ்' ஆகி, 2024 ஜனவரியில் எகிப்து, எதியோப்பியா, ஈரான், ஐக்கிய அரபு அமீரகம் ஆகியவற்றாலும் விரிவடைந்தது. மாநாட்டு அறிக்கைகளை மட்டும் படிப்போருக்கு இம்மாற்றம் தலைநகரங்களுக்கிடையே நிகழும் ஒன்றாகவே தோன்றும். அதன் பாரம் வந்திறங்கும் இடங்களைப் பார்த்தாலன்றி அதன் இயல்பு விளங்காது. அத்தகைய இடங்களுள் ஒன்று இலங்கையின் ஊவா மாகாணம்.

அம்மாகாணத்துப் பதுளை மாவட்டத்தின் தென்மேற்கு விளிம்பில், கொழும்பிலிருந்து இரத்தினபுரி வழியாக வெல்லவாயவுக்கும் அப்பால் மட்டக்களப்புக்கும் செல்லும் ஏ-4 நெடுஞ்சாலையில் அமைந்துள்ள ஹல்துமுல்லை, மலைச்சரிவு சட்டென்று தென்சமவெளியில் இறங்கும் இடமாகும். அருகிலுள்ள பெரகலைச் சந்தியிலிருந்து ஒரு பாதை ஹப்புத்தளைக்கு ஏறுகிறது. கிழக்கே கொஸ்லந்தையும் தியலும நீர்வீழ்ச்சியும் உள்ளன. இச்சரிவுகளைத் தேயிலைத் தோட்டங்களாக்கிய அதிகார மையம் இலண்டன் ஆகும். தோமஸ் லிப்டன் 1890இல் ஹப்புத்தளைப் பகுதியில் தம்பத்தென்ன உள்ளிட்ட தோட்டங்களை வாங்கினார். தென்னிந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட தமிழ்த் தொழிலாளர் லயன் அறைகளில் குடியமர்த்தப்பட்டனர். மூலதனமும் விலையும் இலண்டனில் முடிவாயின, கொழுந்து மட்டுமே இங்கே பறிக்கப்பட்டது. 1975இல் பிரித்தானியாவில் பதிவான ஸ்டேர்லிங் கம்பனிகளின் தோட்டங்கள் அரசுடைமையாகி, 1992இல் அவற்றின் நிர்வாகம் மீண்டும் தனியார் கம்பனிகளிடம் கொடுக்கப்பட்டது. இலண்டன் தேயிலை ஏலம் 1998 ஜூனில் மூடப்பட்டபோது, இலங்கைத் தேயிலையின் பெருவாங்குநர் வரிசையில் ரஷ்யாவும் மேற்காசிய நாடுகளும் முன்னுக்கு வந்துவிட்டிருந்தன. ஜூலை முதல் செப்டெம்பர் வரை வீசும் வறண்ட காற்றில் மணமேறும் ஊவாத் தேயிலையின் வாங்குநர் மாறியதைப் பல்துருவ உலகின் முற்குறி எனலாம். அரசியல் அறிஞர் அதற்குப் பெயர் சூட்டுமுன்பே ஏலக் கடதாசிகளில் அது பதிவாகிவிட்டது.

வாங்குபவனிடம் அதிகாரம் தேங்கும் என்பதை 2017 டிசம்பர் காட்டியது. இலங்கையிலிருந்து சென்ற தேயிலைப் பொதியொன்றில் தானியங்களைத் தாக்கும் கப்ரா வண்டு காணப்பட்டதெனக் கூறி ரஷ்யா இலங்கைத் தேயிலை இறக்குமதியைத் தற்காலிகமாக நிறுத்தியது. அப்போது இலங்கை அரசு, ரஷ்யாவிலிருந்து பெருமளவில் தருவிக்கப்படும் அஸ்பெஸ்டஸ் மீது 2018 ஜனவரி முதல் கட்டுப்பாடு கொண்டுவரவிருந்தது. அக்கட்டுப்பாடு தளர்த்தப்பட்டது, தேயிலைத் தடையும் அம்மாத இறுதியிலேயே நீங்கியது. இரு நிகழ்ச்சிகளும் இவ்வளவு நெருங்கி அடுத்தடுத்து நடந்ததைத் தற்செயல் என்று கொள்வது கடினம். ஒரு வண்டு ரஷ்யாவுக்கான மலையகத் தேயிலை ஏற்றுமதியைச் சில நாட்கள் நிறுத்திவைத்தது.

ஆனால் ஊவாவில் புதிய அதிகார மையமொன்றின் தடம் மிக ஆழமாகப் பதிந்திருப்பது உமா ஓயா பல்நோக்கு அபிவிருத்தித் திட்டத்திலேயே ஆகும். மகாவலியின் கிளையாறாகிய உமா ஓயாவின் நீரை வெலிமடைப் பக்கத்தில் புஹுல்பொல, டயரபா ஆகிய இரு அணைகளில் மறித்து, பண்டாரவளை மலைகளுக்கு அடியில் குடைந்த நெடிய சுரங்கப்பாதையால் வெல்லவாயப் பக்கமுள்ள நிலத்தடி மின்நிலையத்துக்குக் கொண்டுசென்று 120 மெகாவாட் மின்சாரம் பெறுவதும், பின்னர் அந்நீரைக் கிரிந்தி ஓயா வடிநிலத்தின் வழியே மொனராகலை, அம்பாந்தோட்டை மாவட்டங்களின் வயல்களுக்குப் பாய்ச்சுவதும் இத்திட்டத்தின் நோக்கம். கொஸ்லந்தைப் பக்கத்து ஓடைகள் தாமாகவே சென்று சேரும் ஆற்றுக்கு, மலையின் மறுபக்கத்து நீரையும் திருப்பிவிடும் ஏற்பாடு எனச் சுருங்கச் சொல்லலாம். 2008 ஏப்ரலில் ஈரான் ஜனாதிபதி மஹ்மூத் அஹ்மதிநெஜாத் இலங்கை வந்து அடிக்கல் நாட்டினார், ஈரானின் பராப் நிறுவனம் கட்டுமானத்தை ஏற்றது, 51.4 கோடி டொலர் செலவில் 85 சதவீதத்தை ஈரானின் ஏற்றுமதி அபிவிருத்தி வங்கி கடனாகத் தருவதாக இருந்தது.

கடன் வந்து சேரவில்லை. அணுத்திட்டத்தின் பொருட்டு ஈரான்மீது விதிக்கப்பட்ட தடைகளால் அந்நாட்டு வங்கிகள் உலகப் பணப்பரிமாற்ற வழிகளிலிருந்து வெட்டி விடப்பட, ஏறத்தாழ 5 கோடி டொலர் மட்டுமே கைக்கு எட்டியது. எஞ்சிய செலவை இலங்கை அரசே தாங்கியது. பொறியியலாளர் ஈரானியர், பணம் இலங்கையருடையது, பணம் எவ்வழியே செல்லலாம் என்று தீர்மானித்தது வாஷிங்டன். புதிய மையங்கள் எதைச் செய்ய வல்லன, எதைச் செய்ய இன்னும் வல்லன அல்ல என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்றைத் தெற்காசியாவில் தேடுவது அரிது.

இத்திட்டத்தின் இன்னொரு விலையைப் பண்டாரவளை மக்கள் கொடுத்தனர். 2014 டிசம்பரில் சுரங்கத்துக்குள் நிலத்தடி நீர் பெருக்கெடுத்தது. மேலே கிணறுகளும் ஊற்றுகளும் வற்றின, வீடுகளின் சுவர்கள் வெடித்தன, தோட்டங்களும் காய்கறி நிலங்களும் நீரின்றிக் கிடந்தன. 2017இல் பண்டாரவளையில் பெரும் எதிர்ப்புப் போராட்டம் நடந்தது. திட்டம் ஒருவாறு நிறைவேறி, 2024 ஏப்ரல் 24 அன்று ஈரான் ஜனாதிபதி இப்ராஹிம் ரயீசியும் இலங்கை ஜனாதிபதி ரணில் விக்கிரமசிங்கவும் அதனைத் திறந்துவைத்தனர். ரயீசி அடுத்த மாதம் 19ஆம் திகதி ஹெலிகொப்டர் விபத்தில் உயிரிழந்தார்.

ஈரானுடனான மற்றொரு கொடுக்கல் வாங்கல் தேயிலை சார்ந்தது. முன்னர் வாங்கிய எண்ணெய்க்காக இலங்கை செலுத்தவேண்டியிருந்த 25.1 கோடி டொலரை, மாதந்தோறும் 50 இலட்சம் டொலர் பெறுமதியான தேயிலையாகத் தீர்ப்பதற்கு 2021 டிசம்பரில் உடன்பாடு காணப்பட்டு, 2023இல் ஏற்றுமதி தொடங்கியது. பண்டமாற்று எனப்படும் இம்முறை, தடைகளைச் சுற்றிச் செல்லும் வழியாகவும் டொலர் கையிருப்பு வற்றிய நாட்டின் மூச்சுத்துளையாகவும் ஒருசேர அமைந்தது.

சீனாவின் வரவு வேறுவிதமானது. அது மலையில் அன்றிச் சமவெளியின் மறுகோடியில் நின்றது. தெளிந்த வானுள்ள நாளில், ஹப்புத்தளைப் பகுதியில் லிப்டன் இருக்கை எனப்படும் மலைக் காட்சிமுனையிலிருந்து பார்த்தால் கண்ணுக்கெட்டும் எனப்படும் அத்தென்கரையில், சீன ஏற்றுமதி இறக்குமதி வங்கியின் கடனில் கட்டப்பட்ட அம்பாந்தோட்டைத் துறைமுகம் 2017இல் 112 கோடி டொலருக்குச் சைனா மேர்ச்சன்ட்ஸ் நிறுவனத்திடம் 99 ஆண்டுக் குத்தகைக்குச் சென்றது. இதனைக் 'கடன்பொறி' என்பது வழக்கமாகிவிட்டது. ஆயினும் 2022 ஏப்ரலில் இலங்கை வெளிநாட்டுக் கடனைச் செலுத்த இயலாதெனக் கைவிரித்தபோது, சீனக் கடனைவிடச் சர்வதேசப் பிணைமுறிச் சந்தையில் டொலரில் திரட்டிய கடனே கூடுதலாக இருந்தது என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும். சீனா கடன் மறுசீரமைப்பில் பிற நாடுகளோடு ஒரே மேசையில் அமரவில்லை. இந்தியா, ஜப்பான், பிரான்ஸ் ஆகியவற்றின் இணைத்தலைமையில் அமைந்த கடன் வழங்குநர் குழுவும் சீன வங்கியும் தனித்தனியே உடன்பட்டு, 2024 ஜூன் 26 அன்று தனித்தனியே ஒப்பமிட்டன. இருவேறு மேசைகள் இடப்பட்டதே பல்துருவ உலகின் அடையாளமாகும்.

பெய்ஜிங்கைத் தலைமையகமாகக் கொண்டு 2016இல் இயங்கத் தொடங்கிய ஆசிய உட்கட்டமைப்பு முதலீட்டு வங்கி, 2019இல் இலங்கையின் மண்சரிவு அபாயத் தணிப்புக்கு 8 கோடி டொலர் கடன் அனுமதித்தது. ஹல்துமுல்லைப் பிரதேச செயலகப் பிரிவிலுள்ள மீரியபெத்தைத் தோட்டத்தில் 2014 ஒக்டோபர் 29 காலை மண் சரிந்து லயன் வீடுகளை மனிதரோடு மூடிய நிகழ்ச்சியை நினைவிற்கொண்டால், இத்தகைய கடனின் தேவை விளங்கும்.

இந்தியாவின் செல்வாக்கைப் புதிது என்பது மலையகத்தில் பொருந்தாது. 1964 ஒக்டோபர் 30 அன்று சிறிமாவோ பண்டாரநாயக்கவும் லால் பகதூர் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தம், குடியுரிமையற்ற 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்கும் என, அம்மக்களின் பிரதிநிதிகளைக் கேளாமலே வகுத்தது. அதன்படி ஊவாவின் குடும்பங்கள் பல நீலகிரி வரை சிதறின. இன்றைய இந்தியா வேறொரு முகத்தோடு வருகிறது. வீடமைப்புத் திட்டத்தில் மத்திய, ஊவா மாகாணத் தோட்டங்களுக்கு 4,000 வீடுகளும், 2017 மே மாதம் நோர்வூட்டில் பிரதமர் நரேந்திர மோடி அறிவித்த மேலும் 10,000 வீடுகளும், 2016இல் இந்திய நன்கொடையுடன் தொடங்கி எல்லா மாகாணங்களுக்கும் விரிந்த, 1990 என்னும் அழைப்பு எண்ணுடைய 'சுவசெரிய' அம்புலன்ஸ் சேவையும், 2022 நெருக்கடியில் வழங்கிய ஏறத்தாழ 400 கோடி டொலர் உதவியும் அம்முகத்தின் கூறுகள். வீடு கிடைத்தவருக்கு அது நற்பேறுதான். எனினும் இரு நூற்றாண்டாக ஒரே மண்ணில் உழைத்தவர்களுக்கு வீடு அயல்நாட்டு நன்கொடையாக வரவேண்டியிருப்பது, கொடுப்பவரின் வலிமையைவிடக் கொழும்பின் பாராமுகத்தையே அதிகம் காட்டுகிறது.

2024 ஒக்டோபரில் ரஷ்யாவின் கசான் நகரில் கூடிய பிரிக்ஸ் உச்சி மாநாட்டில் இலங்கை உறுப்புரிமை கோரியது. அம்மாநாட்டையொட்டி அறிவிக்கப்பட்ட 13 பங்காளி நாடுகளின் பட்டியலில் அதன் பெயர் இடம்பெறவில்லை.