பால் டின்னில் இருக்கும் டி.எச்.ஏ. எங்கிருந்து வருகிறது?

குழந்தைகளுக்கான பால் மாவு டின்னைக் கையில் எடுத்தால், நிறுவனத்தின் பெயருக்கு அடுத்தபடியாகப் பெரிதாகக் கண்ணில் படுவது டி.எச்.ஏ. என்ற மூன்று எழுத்துகள். மருந்தகத்தில் அடுக்கியிருக்கும் புட்டிகளிலும், நேரடி விற்பனைக்காரர்கள் வீட்டு வாசல்வரை கொண்டு வரும் பெட்டிகளிலும் அதே எழுத்துகள் உண்டு. இது மீன் எண்ணெயில் உள்ள சத்து என்றுதான் பெரும்பாலோர் அறிந்திருக்கிறார்கள். ஆனால், அதன் பிறப்பிடம் மீன் அல்ல. கடலில் மிதக்கும், கண்ணுக்குத் தெரியாத நுண்பாசி.

பாசி என்றதும் தீபாவளிக்குக் காய்ச்சி ஊற்றி, ஆறியதும் துண்டு போடும் கடற்பாசிதான் பலருக்கும் நினைவுக்கு வரும். அது கண்ணால் பார்த்துக் கையால் பறிக்கக்கூடிய பெரிய இனங்களிலிருந்து எடுக்கப்படுவது. நுண்பாசியோ ஒரே ஓர் உயிரணுவாக வாழ்வது. கடலின் உணவுச் சங்கிலி அதிலிருந்துதான் தொடங்குகிறது. நுண்பாசியை மிதவை உயிரிகள் தின்கின்றன. அவற்றைச் சின்ன மீன் தின்கிறது. சின்ன மீனைப் பெரிய மீன் தின்கிறது. கெம்போங் மீனின் கொழுப்பில் இருக்கும் ஒமேகா-3 பெரும்பாலும் இப்படித் தின்று சேர்த்த சொத்துதான்.

ஒமேகா-3 கொழுப்பில் மூன்று வகை முக்கியமானவை. ஆளி விதையிலும் வால்நட்டிலும் இருப்பது ஏ.எல்.ஏ.; மீனிலும் நுண்பாசியிலும் இருப்பவை இ.பி.ஏ., டி.எச்.ஏ. மூளையிலும் கண்ணின் விழித்திரையிலும் நிறைந்திருப்பது டி.எச்.ஏ. ஆளி விதையைத் தின்றால் உடல் அதை டி.எச்.ஏ. ஆக மாற்றிக்கொள்ளும் என்பது உண்மைதான். ஆனால், மாறும் அளவு மிகக் குறைவு. புரட்டாசி விரதத்தில் ஒரு மாதம் மீன் சாப்பிடாதவர்கள் இதற்காகக் கவலைப்பட வேண்டியதில்லை. ஆண்டு முழுவதும் சைவமாக இருக்கும் குடும்பங்களுக்கு, அதிலும் கருவுற்ற பெண்களுக்கு, மீன் இல்லாமல் இந்தச் சத்தை நேரடியாகத் தருவது நுண்பாசி எண்ணெய்தான்.

விண்வெளிப் பயணத்திலிருந்து பால் டின்னுக்கு

இந்த எண்ணெய் சந்தைக்கு வந்த கதை சுவையானது. நீண்ட விண்வெளிப் பயணத்தில் வீரர்களுக்கு உணவும் பிராணவாயுவும் தர நுண்பாசியைப் பயன்படுத்த முடியுமா என்று, அமெரிக்காவின் நாசா நிதியுதவியுடன் மார்ட்டின் மாரியெட்டா நிறுவனத்தில் ஆய்வு நடந்தது. அதில் ஈடுபட்டிருந்த அறிவியலாளர்கள் சிலர் வெளியேறி, 1985ஆம் ஆண்டு மேரிலாந்தில் மார்டெக் என்ற நிறுவனத்தைத் தொடங்கினர். அவர்கள் பிடித்துக்கொண்டது கிரிப்தகோடினியம் கோனி என்ற கடல் நுண்ணுயிர். இதற்குச் சூரிய ஒளியே தேவையில்லை. சர்க்கரைக் கரைசலைக் கொடுத்தால் போதும், இருட்டான எஃகுத் தொட்டிக்குள் பெருகி, உடம்பில் டி.எச்.ஏ. எண்ணெயைச் சேர்த்துக்கொள்ளும். பிறகு உயிரணுக்களை உடைத்து எண்ணெயைப் பிரித்தெடுக்கிறார்கள். கடலில் வலை வீசும் வேலையே இல்லை. மீன்களில் சேரும் பாதரசம் பற்றிய கவலையும் இதில் எழுவதில்லை.

2001இல் இந்த எண்ணெயைக் குழந்தைப் பாலில் சேர்க்க அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் ஆட்சேபம் தெரிவிக்கவில்லை. மறு ஆண்டே அத்தகைய பால் அங்கு விற்பனைக்கு வந்தது. 2020 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் விற்கப்படும் கைக்குழந்தைப் பாலில் டி.எச்.ஏ. கட்டாயம். இன்று ஸ்கிசோகைட்ரியம் என்ற இன்னொரு கடல் உயிரியிலிருந்தும் பெருமளவில் எண்ணெய் எடுக்கப்படுகிறது. பெட்டியில் ‘பாசி எண்ணெய்’ என்று எழுதினாலும், வகைப்பாட்டியல்படி அது உண்மையான பாசி அல்ல என்பது வேறு விஷயம்.

இதனால் கிடைக்கும் பயன் என்ன? விளம்பரம் சொல்வது ஒன்று, ஆய்வு காட்டுவது ஒன்று. கர்ப்பிணிகள் விஷயத்தில் ஆதாரம் வலுவாக உள்ளது. ஏறக்குறைய 20,000 பெண்கள் பங்கேற்ற 70 ஆய்வுகளைத் தொகுத்து 2018இல் வெளியான காக்ரேன் மதிப்பாய்வு, கர்ப்ப காலத்தில் ஒமேகா-3 எடுத்தவர்களிடையே 37 வாரத்துக்கு முன் பிறந்த குழந்தைகள் 13.4 விழுக்காட்டிலிருந்து 11.9 விழுக்காடாகக் குறைந்ததைக் கண்டது. ஆனால், நிறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கு டி.எச்.ஏ. சேர்த்த பால் கொடுத்தால் அறிவு கூடும் என்பதற்கு, 2017இல் வெளிவந்த மற்றொரு காக்ரேன் மதிப்பாய்வில் தெளிவான சான்று கிடைக்கவில்லை. தாய்ப்பாலில் டி.எச்.ஏ. இயற்கையாகவே உண்டு; தாய் மீன் சாப்பிட்டால் அதன் அளவு கூடும்.

நீரிழிவு உள்ளவர்களுக்கு

மலேசியாவில் பெரியவர்களில் ஆறில் ஒருவருக்கு நீரிழிவு இருப்பதாக 2023ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வு கூறுகிறது. இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்களிடையேதான் விகிதம் அதிகம். இனிப்பு நீருக்கு மருந்து சாப்பிடும் ஒருவர் இல்லாத வீட்டைத் தோட்டப்புறத்திலும் பட்டணத்திலும் தேடத்தான் வேண்டும். ஒமேகா-3 விற்பவர்களின் பார்வை இங்கே திரும்புவதில் வியப்பில்லை.

பிரிட்டனில் நீரிழிவு உள்ள 15,480 பேரிடம் ஏழாண்டுகளுக்கு மேல் நடந்த ‘அசெண்ட்’ ஆய்வு, இதே கேள்விக்கு 2018இல் விடை தந்தது. தினமும் ஒரு கிராம் ஒமேகா-3 எடுத்தவர்களில் 8.9 விழுக்காட்டினருக்கும், வெறும் ஆலிவ் எண்ணெய் மாத்திரை எடுத்தவர்களில் 9.2 விழுக்காட்டினருக்கும் மாரடைப்பு, பக்கவாதம் போன்ற கடுமையான பாதிப்பு வந்தது. இரண்டுக்கும் வேறுபாடு இல்லை என்றே இதற்குப் பொருள். இரத்தத்தில் டிரைகிளிசரைட் கொழுப்பு அதிகமுள்ள சிலருக்கு மருத்துவர்கள் அதிக அளவில் ஒமேகா-3 கொடுப்பதுண்டு. அது மருத்துவர் எழுதித் தரும் மருந்து. அந்த அளவில் இதயத் துடிப்பு ஒழுங்கு தவறும் ஆபத்து கூடுவதும் ஆய்வுகளில் தெரிந்துள்ளது. வார்ஃபாரின் போன்ற, இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து சாப்பிடுபவர்கள் தாமாகவே இதைத் தொடங்கக் கூடாது.

நீரிழிவுக்காரர்களிடம் அதிகம் விற்கப்படும் ஸ்பிருலினாவைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். வணிகத்துக்காக அது பெரும்பாலும் கடலில் அல்ல, காரத்தன்மையுள்ள நீர்க்குட்டைகளில் வளர்க்கப்படுகிறது. புரதம் நிறைந்தது, சரி. சைவர்களுக்கு பி12 வைட்டமின் தரும் என்று சொல்வதுதான் சிக்கல். அதில் இருப்பது பெரும்பாலும் மனித உடலுக்குப் பயன்படாத போலி பி12. நீரிழிவுக்குத் தரப்படும் மெட்ஃபார்மின் மாத்திரையை நீண்ட காலம் சாப்பிட்டால் உடலில் பி12 குறையக்கூடும். மெட்ஃபார்மின் சாப்பிடும் சைவர் ஒருவர் ஸ்பிருலினாவை நம்பி இருந்துவிட்டால், கால் மரத்துப்போவது நீரிழிவாலா பி12 குறைவாலா என்று புரியாமலே நாள் ஓடும். சுகாதார கிளினிக்கில் கேட்டு இரத்தப் பரிசோதனை செய்துகொள்வது இதைவிட மலிவு.

இளஞ்சிவப்பு ஏரியும் பின்லாந்துப் பாடமும்

உப்பளத்துத் தண்ணீர் சில இடங்களில் சிவந்து கிடப்பதற்குக் காரணங்களில் ஒன்று டுனாலியெல்லா சலைனா என்ற நுண்பாசி. கடும் வெயிலிலும் உப்பிலும் தன்னைக் காத்துக்கொள்ள அது பீட்டா கரோட்டினைச் சேர்க்கிறது. கேரட்டுக்கு நிறம் தருவதும் அதே பொருள்தான். இந்தப் பாசியின் உலர்ந்த எடையில் பத்து விழுக்காடுவரைகூட பீட்டா கரோட்டின் இருக்கும். மேற்கு ஆஸ்திரேலியாவின் ஹட் லகூன் என்ற இளஞ்சிவப்பு ஏரியில் இதற்காகவே பெரும் பாசிப் பண்ணை இருக்கிறது.

பீட்டா கரோட்டின் உடலில் வைட்டமின் ஏ ஆக மாறும். அது புற்றுநோயையும் தடுக்கும் என்று ஒரு காலத்தில் பெரிதும் நம்பினார்கள். பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரிடம் சோதித்தபோது, 1994இல் வந்த முடிவு நேர்மாறாக இருந்தது. தினமும் 20 மில்லிகிராம் எடுத்தவர்களிடையே நுரையீரல் புற்றுநோய் 18 விழுக்காடு கூடியிருந்தது. அமெரிக்காவில் நடந்த இன்னொரு சோதனையிலும் அதே போக்கு தென்பட்டதால், 1996இல் அதைப் பாதியிலேயே நிறுத்திவிட்டார்கள். இரண்டிலும் கொடுத்தது செயற்கையாகத் தயாரித்த பீட்டா கரோட்டின். ‘எங்களுடையது இயற்கை’ என்று பாசி மாத்திரை விற்பவர்கள் சொல்வது அதனால்தான். இயற்கையானது புகைபிடிப்பவருக்குப் பாதுகாப்பானது என்று காட்டும் அப்படியொரு பெரிய சோதனை நடந்ததில்லை. சிகரெட் பிடிப்பவர்கள் பீட்டா கரோட்டின் மாத்திரையைத் தவிர்ப்பதே நல்லது. கேரட், பூசணி, முருங்கைக் கீரைக்கு இந்தத் தடை இல்லை.

இயற்கை என்ற சொல்லைப் பற்றி போர்ட் டிக்சன்காரர்களைக் கேட்டால் தெரியும். 2024 ஏப்ரலில் அந்தக் கடற்கரையில் எடுத்த கூப்பாங் சிப்பியைச் சாப்பிட்டுச் சிலர் நோயுற்றதற்குக் காரணம் நுண்பாசி உண்டாக்கும் நரம்பு நச்சு. கொதிக்க வைத்தாலும் அது அழியாது. பால் டின்னுக்கு எண்ணெய் தரும் கிரிப்தகோடினியமும் இத்தகைய நச்சுப் பாசிகளும் ஒரே பெரும்பிரிவைச் சேர்ந்தவை.

பெட்டியில் பார்க்க வேண்டியவை

மலேசியாவில் ஊட்டச்சத்து மாத்திரைகளைத் தேசிய மருந்து ஒழுங்குமுறை நிறுவனத்தில் பதிவு செய்ய வேண்டும். பதிவு பெற்ற பெட்டியில் எம்.ஏ.எல். என்று தொடங்கும் எண்ணும், ஃபார்மாடேக் என்ற ஹோலோகிராம் ஒட்டுவில்லையும் இருக்கும். எண்ணை நிறுவனத்தின் இணையத்தளத்தில் தட்டிப் பார்த்தால், அது எந்தப் பொருளுக்குரியது என்று தெரிந்துவிடும். பதிவு என்பது தரத்தையும் பாதுகாப்பையும் பார்த்துக் கொடுப்பது. நோயைக் குணப்படுத்தும் என்ற சான்றிதழ் அல்ல. உணவாக வகைப்படுத்தப்பட்ட பாசிப் பொடிகளுக்கு இந்த எண் இருக்காது. சிங்கப்பூரில் ஊட்டச்சத்து மாத்திரைகளை விற்க முன்அனுமதியே தேவையில்லை. பாதுகாப்புக்கு விற்பவரே பொறுப்பு.

மலேசியாவின் 1956ஆம் ஆண்டு மருந்து விளம்பர, விற்பனைச் சட்டம் 20 நோய்களைப் பட்டியலிட்டு, அவற்றைக் குணப்படுத்தும் என்று பொதுமக்களிடம் விளம்பரம் செய்வதைத் தடை செய்கிறது. நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம், இதய நோய், சிறுநீரக நோய், புற்றுநோய் எல்லாம் அதில் அடங்கும். ‘இதைச் சாப்பிட்டால் இனிப்பு நீர் மருந்தை நிறுத்திவிடலாம்’ என்று புலனத்தில் வரும் விளம்பரம், பொருள் எவ்வளவு நல்லதாக இருந்தாலும், சட்டத்துக்குப் புறம்பானது.

சைவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். எண்ணெய் பாசியிலிருந்து வந்தாலும், அதை அடைத்திருக்கும் உறை பெரும்பாலும் ஜெலட்டின். அது மாடு, பன்றி அல்லது மீனிலிருந்து எடுக்கப்படுவது. ஹலால் முத்திரை பன்றி இல்லை என்பதைத்தான் உறுதி செய்யும். மாட்டு ஜெலட்டின் இல்லை என்று சொல்லாது. பொருள் பட்டியலில் தாவர உறை என்று எழுதியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எதுவும் எழுதியில்லை என்றால், வாங்கும் முன் மருந்தாளரிடம் கேட்டுக்கொள்ளலாம்.