மறக்காத வாசகர்களின் பூமிகள்

சூப்பர்ஹீரோ படம் ஒன்று வெளியானதும் ரசிகர்களுக்குள் வாதம் கிளம்பிவிடும். இந்த பேட்மேன் எந்தப் பூமியைச் சேர்ந்தவர், போன படத்தில் செத்தவர் இதில் எப்படி உயிரோடு வருகிறார், முன்பு சொன்ன கதை இனிச் செல்லுமா செல்லாதா என்றெல்லாம் மல்லுக்கட்டுவார்கள். இல்லாத மனிதருக்கு ஜாதகம் கணிக்கும் வெட்டி வேலை என்று வெளியிலிருந்து பார்ப்பவர்கள் சிரிப்பதுண்டு. அமெரிக்க காமிக்ஸின் வரலாற்றைப் புரட்டினால் அந்தச் சிரிப்பு நிலைக்காது. ஒரே நாயகனுக்குப் பல உலகங்கள் என்ற மல்டிவர்ஸ் ஏற்பாடே இத்தகைய கேள்விகளுக்குப் பதிலாகப் பிறந்ததுதான். பதிப்பகங்கள் கைகழுவிய கதைகளை வாசகர்கள் விடாப்பிடியாக நினைவில் வைத்திருந்தார்கள். அந்த நினைவுக்குக் கொடுக்கப்பட்ட இடமே பல பூமிகள்.

மின்னல் வேகத்தில் ஓடும் ஃப்ளாஷ் 1940இல் அறிமுகமானார். அவர் பெயர் ஜே கேரிக். போருக்குப் பிந்தைய ஆண்டுகளில் சூப்பர்ஹீரோக்களின் மவுசு குறைய, 1949இல் அவருடைய இதழ் நின்றுபோனது. 1956இல் டிசி நிறுவனம் பெயரையும் வேகத்தையும் வைத்துக்கொண்டு மற்ற எல்லாவற்றையும் மாற்றி, பேரி ஆலன் என்ற புதிய ஃப்ளாஷை உருவாக்கியது. அந்த முதல் கதையிலேயே பேரி பழைய ஃப்ளாஷ் காமிக்ஸ் ஒன்றைப் படித்துக்கொண்டிருப்பார். அதாவது அவருடைய உலகில் ஜே கேரிக் வெறும் கதாபாத்திரம். 1961 செப்டம்பர் தேதியிட்ட 123ஆம் இதழில் இது தலைகீழானது. குழந்தைகள் முன்னால் கயிறேறி வித்தை காட்டும் பேரி, உடலை அதிவேகமாக அதிரச் செய்கிறார். மேடையிலிருந்து மறைந்து வேறொரு பூமியில் போய் நிற்கிறார். அங்கே நரை தட்டிய ஜே கேரிக் மனைவியோடு ஓய்வாக வாழ்கிறார். அப்படியானால் பேரி படித்த காமிக்ஸ்? அதை எழுதிய கார்ட்னர் ஃபாக்ஸின் மனம் தூக்கத்தில் இந்த உலகத்தோடு இசைந்திருக்க வேண்டும், கனவில் கண்டதையே அவர் கதையாக்கினார் என்று பேரி விளக்குகிறார். இந்தக் கதையை எழுதியவரும் அதே ஃபாக்ஸ்தான்.

இந்த விளக்கம் யாருக்குத் தேவைப்பட்டது? காமிக்ஸ் படிப்பவர்கள் சிறுவர்கள், சில ஆண்டுகளில் வளர்ந்து போய்விடுவார்கள் என்பதே அன்றைய பதிப்பாளர்களின் கணக்கு. பழைய இதழ்கள் மறுபதிப்பாக வருவதும் அரிது. 1961இல் பத்து வயதுச் சிறுவனுக்கு ஜே கேரிக் யாரென்றே தெரிந்திருக்காது. தெரிந்தவர்கள் வளர்ந்துவிட்ட பழைய வாசகர்கள். அவர்களில் டெட்ராய்ட்டின் பேராசிரியர் ஜெர்ரி பெய்ல்ஸ் முக்கியமானவர். பழைய நாயகர்களைத் திரும்பக் கொண்டுவரும்படி பதிப்பாசிரியர் ஜூலியஸ் ஷ்வார்ட்ஸுக்கு விடாமல் கடிதம் எழுதியவர். 1961இல் ராய் தாமஸின் துணையோடு ‘ஆல்ட்டர் ஈகோ’ என்ற ரசிகர் இதழைத் தொடங்கியவர். ஷ்வார்ட்ஸே 1932இல் அறிவியல் புனைகதை ரசிகர் இதழ் நடத்தியவர் என்பதால் இந்தக் கடிதங்களின் அருமை அவருக்குத் தெரிந்திருந்தது. கடிதம் எழுதியவர்களின் முழு முகவரியையும் அவர் அச்சிட்டார். அதைக் கொண்டு ரசிகர்கள் ஒருவரையொருவர் கண்டுபிடித்துக்கொண்டார்கள்.

1963இல் புதிய நாயகர்களின் உலகுக்கு முதல் பூமி என்றும் பழையவர்களின் உலகுக்கு இரண்டாம் பூமி என்றும் பெயரிடப்பட்டது. ஃப்ளாஷ் விஷயத்தில் சிக்கல் இல்லை. இடையில் ஏழாண்டு இடைவெளி இருந்தது. சூப்பர்மேன் கதைகளோ 1938 முதல் நிற்கவே இல்லை. அப்படியிருக்க, எந்த இதழோடு இரண்டாம் பூமியின் சூப்பர்மேன் முடிந்து முதல் பூமிக்காரர் தொடங்குகிறார்? ரசிகர்கள் ஏடு பார்க்கும் பதிப்பறிஞர்களைப் போலச் சான்று தேடினார்கள். ஆரம்பக் கதைகளில் சூப்பர்மேனின் மறுமுகமான கிளார்க் கென்ட் வேலை பார்த்தது ‘டெய்லி ஸ்டார்’ நாளிதழில், ஆசிரியர் ஜார்ஜ் டெய்லர். பின்னர்தான் ‘டெய்லி பிளானட்’டும் பெர்ரி வைட்டும் வந்தார்கள். எழுத்தாளர்கள் போகிற போக்கில் செய்த இந்த மாற்றம் இரண்டு வெவ்வேறு மனிதர்களுக்கான அடையாளமாகிவிட்டது. டிசியும் அதை ஏற்று இரண்டாம் பூமியின் கிளார்க்கை ‘டெய்லி ஸ்டார்’ ஆசிரியராக்கியது.

இப்படிக் கணக்குப் பார்ப்பது கதையின் கழுத்தை நெரிக்கும், புதிய வாசகர்களை விரட்டும் என்பது பழைய குற்றச்சாட்டு. அதில் ஓரளவு உண்மை உண்டு. ஆனால் இரண்டாம் பூமி இருந்ததால்தான் மூப்படைந்து, கேட்வுமனை மணந்து, மகளைப் பெற்று, 1979இல் இறந்தும்போகும் ஒரு பேட்மேனை எழுத முடிந்தது. மாத இதழின் பேட்மேன் சாகவே முடியாதவர். குழப்பத்தை ஒழிப்பதாகச் சொல்லி, 1985–86இல் மார்வ் வுல்ஃப்மனும் ஜார்ஜ் பெரேஸும் பன்னிரண்டு இதழ்களில் எல்லாப் பூமிகளையும் ஒன்றாக்கினார்கள். அதற்கான ஆய்வுக்குப் பழைய இதழ்களையெல்லாம் படிக்கவே பீட்டர் சாண்டர்சனை நிறுவனம் அமர்த்தியது. ரசிகர்கள் சம்பளமில்லாமல் செய்துவந்த வேலை அது. குழப்பமோ கூடியது. சூப்பர்மேன் சிறுவயதில் சூப்பர்பாயாக இருந்ததே இல்லை என்று 1986இல் மாற்றி எழுதியதும், சூப்பர்பாயை முன்மாதிரியாகக் கொண்டு எழுந்த எதிர்காலப் படையின் கதைக்கு அடித்தளமே போயிற்று. ஒட்டுப்போட்டுப் பார்த்தார்கள், 1994இல் மறுபடியும் காலத்தைத் திருத்தினார்கள். கடைசியில் 2006–07இல் ‘52’ தொடரின் வழியே ஐம்பத்திரண்டு பூமிகள் திரும்பி வந்தன. படித்த கதையைப் படிக்கவில்லை என்று யாரையும் நம்பவைக்க முடியவில்லை.

இதெல்லாம் வணிகம், ரசிகர்களுக்கு அவ்வளவு பங்கு இல்லை என்பது இன்னொரு மறுப்பு. வணிகம் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் வாதிட்டவர்களே பின்னர் எழுத்தாளர் நாற்காலியில் உட்கார்ந்தார்கள் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஒப்பிட்டுப் பார்க்க ஓர் உதாரணம்: 1911இல் ஆங்கில எழுத்தாளர் ரொனால்ட் நாக்ஸ், விவிலிய ஆய்வாளர்களைக் கேலிசெய்யும் விதமாக ஷெர்லாக் ஹோம்ஸ் கதைகளின் முரண்களை ஆராய்ந்தார். அந்த விளையாட்டு கோனன் டாயிலின் பேனாவைக் கட்டுப்படுத்தவில்லை. காமிக்ஸில் நடந்தது வேறு. ராய் தாமஸ் 1972இல் டிசியின் போட்டி நிறுவனமான மார்வெலின் தலைமைப் பதிப்பாசிரியரானார். கதைத் தொடர்ச்சியை ஆராய்வதற்கென்றே ‘ஆம்னிவர்ஸ்’ இதழை நடத்திய மார்க் க்ரூன்வால்ட், மார்வெலில் சேர்ந்து அதன் அதிகாரபூர்வக் கையேட்டை உருவாக்கினார்.

2021இல் மூன்று தலைமுறை ஸ்பைடர்மேன்கள் ஒரே படத்தில் வந்தபோது அரங்குகள் அதிர்ந்தன. 2023இல் ‘தி ஃப்ளாஷ்’ படம் மைக்கேல் கீட்டனின் பழைய பேட்மேனை அழைத்துவந்தும் வசூலில் தேறவில்லை. நினைவு மட்டுமே கதையாகிவிடாது என்பதற்கு அது சான்று. ஆனாலும் இரண்டு படங்களும் கடைவிரித்த சரக்கு ஒன்றுதான்: பார்வையாளர் மறக்காமல் வைத்திருந்த பழைய கதை. நிறுவனங்கள் அதற்குச் சந்தை மதிப்பு உண்டென்று உணர்வதற்கு வெகுகாலம் முன்பே, ரசிகர்கள் சண்டை போட்டுக்கொண்டே அதைக் காப்பாற்றி வைத்திருந்தார்கள்.