எண்ணப்படாத நாட்கள்: கனடாக் குடியுரிமைச் சட்டமும் பெற்றோரின் வெளிநாட்டு வாசமும்

ஸ்கார்பரோவிலும் மார்க்கமிலும் பிள்ளைகளோடு வாழும் தமிழ்ப் பெற்றோர் பலருக்குக் கனடா ஏழெட்டு மாத நாடு. பனி கொட்டத் தொடங்கும் முன்பே யாழ்ப்பாணத்துக்கோ சென்னைக்கோ கிளம்பிவிடுவார்கள். வெயில் வந்தபின் திரும்புவார்கள். இடையில் கழிந்த அந்த நான்கைந்து மாதங்கள் குடியுரிமை விண்ணப்பத்தில் என்ன ஆகின்றன என்ற கேள்விக்குக் 1947இலிருந்து கனடாச் சட்டம் ஒரே பதிலைச் சொன்னதில்லை. ‘இங்கே வசித்தல்’ என்றால் உடல் இங்கே இருப்பதா, வாழ்க்கை இங்கே வேர்கொள்வதா என்று அது மாறி மாறித் தடுமாறியிருக்கிறது. ஒரு விஷயத்தில் மட்டும் அது அசையவில்லை என்பது என் வாதம்: கணவன் மனைவிக்கிடையிலும், பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கும் நாட்களைக் கடன் தர அது சம்மதித்தது, பிள்ளையிடமிருந்து பெற்றோருக்குச் சம்மதிக்கவில்லை.

1947 ஜனவரி 1 அன்று கனடாவின் முதல் குடியுரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அதுவரை அங்கிருந்தோர் பிரிட்டிஷ் பிரஜைகள். இரு நாள் கழித்து ஒட்டாவா உச்ச நீதிமன்றத்தில் நடந்த விழாவில் முதல் சான்றிதழைப் பிரதமர் மெக்கன்சி கிங் பெற்றார். வந்தேறிகளுக்கு அச்சட்டம் வைத்த நிபந்தனை ஐந்தாண்டு வாசம். வெளிநாட்டு வாசத்தின் மீதான அதன் ஐயம் குடியுரிமை தந்த பிறகும் நீடித்தது: இயல்புரிமையால் குடிமகனானவர் பல ஆண்டுகள் தொடர்ந்து வெளியே வாழ்ந்தால் அந்த உரிமையே பறிபோகும். கனடாவில் பிறந்தவருக்கு அப்படியொரு விதி கிடையாது. இந்தப் பிரிவை நீக்க 1967 ஆகிற்று.

1977 பிப்ரவரி 15 முதல் அமலான புதிய சட்டம் கதவை அகலத் திறந்தது. விண்ணப்பத்துக்கு முந்தைய 4 ஆண்டுகளில் 3 ஆண்டு வாசம் போதும். நிரந்தரவாசி ஆவதற்கு முன் சட்டப்படி இங்கிருந்த ஒவ்வொரு நாளும் அரை நாளாகச் சேரும். எண்கள் தெளிவாக இருந்தன. ஆனால் ‘வாசம்’ என்றால் என்ன என்று சட்டம் எங்கும் வரையறுக்கவில்லை. அடுத்த நாற்பதாண்டுச் சண்டை முழுவதும் அந்த ஓட்டையிலிருந்தே புறப்பட்டது.

முதல் தீர்ப்பு 1978லேயே வந்தது. நோவா ஸ்கோஷியாவை இருப்பிடமாகக் கொண்டு அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் படித்த பாபடோயொர்காகிஸ் என்ற கிரேக்க மாணவரின் வழக்கு அது. நீதிபதி தர்லோ, ஒருவர் தன் வாழ்வின் மையத்தைக் கனடாவில் நிறுவிவிட்டால் படிப்புக்கோ வேலைக்கோ தற்காலிகமாக வெளியே போவதால் வாசம் அறுந்துவிடாது என்றார். அதாவது, ஆள் அங்கே இருந்தாலும் வாசம் இங்கே ஓடிக்கொண்டிருக்கலாம்.

1980களின் பிற்பகுதியிலிருந்து ஹாங்காங் குடும்பங்கள் இந்தத் தாராளத்தைச் சோதித்தன. 1997இல் நகரம் சீனாவின் கைக்கு மாறும் என்ற அச்சத்தில் மனைவி மக்களை வான்கூவரில் குடியமர்த்திவிட்டு, தகப்பன் மட்டும் ஹாங்காங்கில் தொழிலைத் தொடர்வார். பசிபிக் மேலே பறந்து பறந்து இரு வீடும் பார்ப்பார். பத்திரிகைகள் இவர்களை ‘விண்வெளி வீரர்கள்’ என்று கேலி செய்தன. பிள்ளைகள் நாட்கணக்கை எளிதாக முடித்தார்கள். சோறு போட்ட தகப்பனுக்கு நாள் தேறவில்லை.

1992இல் கூ வழக்கில் நீதிபதி பார்பரா ரீட் ஆறு கேள்விகளை வகுத்தார். அண்மைக்காலப் பயணங்களுக்கு முன் விண்ணப்பதாரர் நீண்டகாலம் கனடாவில் இருந்தாரா? நெருங்கிய குடும்பமும் சார்ந்தோரும் எங்கே வாழ்கிறார்கள்? கனடா வருவது வீடு திரும்புவதாகத் தெரிகிறதா, விருந்தாட வருவதாகத் தெரிகிறதா? குறைவது சில நாளா, பெருந்தொகையா? வெளியே இருந்தது தெளிவாகத் தற்காலிகமான காரணத்தாலா? மற்ற எந்த நாட்டையும்விடக் கனடாவோடு உள்ள பிணைப்பு வலுவானதா?

வயதான பெற்றோரை வைத்து இந்தக் கேள்விகளைப் படித்தால் ஒரு விசித்திரம் புலப்படும். பிள்ளைகள் கனடாவில் இருப்பதால் இரண்டாம் கேள்வி அவர்களுக்குச் சாதகம். நோயாளித் தாயைப் பார்க்க ஊர் போய்த் தங்கினார் என்றால் ஐந்தாவதும் கைகொடுக்கலாம். ஆறாவதில் வழுக்கும். அறுபது வயதுவரை வாழ்ந்த மண்ணில் வீடு உண்டு, ஓய்வூதியம் உண்டு, காணி உண்டு, உடன்பிறப்புகள் உண்டு. நான்கு வருடக் கனடா வாழ்க்கை அதைவிட வலுவான பிணைப்பு என்று எந்தக் கிழவியால் நிரூபிக்க முடியும்? இருந்தாலும் தன் கதையைச் சொல்ல இந்தச் சோதனை இடம் தந்தது. பின்னால் வந்தவை அதையும் தரவில்லை.

எதிர்த்தாக்கு உடனே வந்தது. 1993இல் பூர்கசேமி வழக்கில் நீதிபதி மல்டூன் வெளிப்படையான எரிச்சலோடு எழுதினார். கடைகளிலும் நூலகங்களிலும் வாகனப் பழுதுக் கூடங்களிலும் மதுக்கடைகளிலும் மின்தூக்கிகளிலும் கோவில்களிலும் கனடியரோடு தோள் உரசிப் பழகத்தான் சட்டம் மூன்றாண்டு கேட்கிறது. வெளியே இருந்துகொண்டு இதைச் செய்ய முடியாது என்பது அவர் கருத்து. ஆகவே மூன்றாண்டு என்றால் மூன்றாண்டுதான், எண்ணிப் பார்க்கக்கூடிய நாட்கள். தர்க்கம் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் பேரக்குழந்தையைப் பார்த்துக்கொண்டு ஓர் அடுக்ககத்தின் பன்னிரண்டாம் மாடியில் 1,095 நாள் அடைந்து கிடந்த பாட்டி எத்தனை தோளை உரசியிருப்பார் என்று மல்டூன் கேட்கவில்லை. அந்தப் பாட்டி தேறிவிடுவார்.

இரு கோட்பாடுகளும் ஒரே நீதிமன்றத்தில் அக்கம்பக்கமாக வாழ்ந்தன. அன்றைய சட்டப்படி குடியுரிமை வழக்கில் பெடரல் நீதிமன்றத்தின் முடிவே இறுதி. மேலே போக வழியில்லை, ஆகவே சச்சரவைத் தீர்க்க ஆளுமில்லை. 1999இல் லாம் வழக்கில் நீதிபதி லட்ஃபி, விண்ணப்பங்களை முடிவு செய்யும் குடியுரிமை நீதிபதிகள் எந்தச் சோதனையை வேண்டுமானாலும் எடுக்கலாம், எடுத்ததைச் சரியாகப் பயன்படுத்தினால் போதும் என்று சமரசம் செய்தார். விளைவு, ஒரே மாதிரியான இரு விண்ணப்பங்கள் எந்த மேசையில் விழுந்தன என்பதைப் பொறுத்துத் தலைவிதி மாறியது. வாசத்தை வரையறுக்க 1998க்கும் 2003க்கும் இடையே மூன்று மசோதாக்கள் வந்தன. மூன்றும் நிறைவேறாமலே காலாவதியாயின.

இதற்கிடையே நிரந்தர வதிவுரிமையின் கணக்கு வேறு பாதையில் மாறிக்கொண்டிருந்தது. முன்பு பன்னிரண்டு மாதத்தில் 183 நாளுக்கு மேல் வெளியே இருந்தால் கனடாவைக் கைவிட்டதாகக் கொள்வார்கள். 2002 ஜூன் 28 முதல், ஐந்தாண்டில் 730 நாள் இருந்தால் போதும் என்றாயிற்று. கனடாக் குடிமகனான கணவனோடோ மனைவியோடோ வெளிநாட்டில் கழித்த நாட்களும், குடிமகனான தாய் தந்தையோடு பிள்ளை கழித்த நாட்களும் கனடாவில் இருந்ததாகவே சேரும். ஆனால் குடிமகனான மகன் பெங்களூருக்கு இரண்டு வருட வேலையாகப் போகும்போது, நிரந்தரவாசியான தாயையும் கூட அழைத்துச் சென்றால்? மருமகளின் நாட்கள் சேரும், தாயின் நாட்கள் சேரா. மனிதாபிமான அடிப்படையில் அதிகாரியிடம் மன்றாடும் வழி உண்டு. உரிமையாகக் கேட்க முடியாது. குடியுரிமைச் சட்டத்திலும் இதே சாய்வுதான்: படையிலோ மத்திய அரசுப் பணியிலோ வெளிநாட்டில் இருப்பவரோடு வாழும் துணைவருக்கும் பிள்ளைக்கும் அந்நாட்கள் எண்ணப்படுகின்றன. அவரோடு வாழும் தாய் தகப்பன் அந்தப் பட்டியலில் இல்லை. முதியோர் பிள்ளையைச் சார்ந்து வாழ்வதைக் குடும்பத்தின் இயல்பாக இச்சட்டங்கள் கற்பனை செய்யவே இல்லை.

வாசப் புரட்டுகளின் காலமும் இதுவே. ஆலோசகர்கள் பொய் முகவரி தந்தார்கள். கனடாவில் காலடி வைக்காதோரின் பெயரில் வாடகை ஒப்பந்தங்கள் உருவாயின. 2012இல் 3,100 பேர் வரை குடியுரிமையைப் பறிக்கும் நடவடிக்கையைத் தொடங்கியிருப்பதாக அரசு அறிவித்தது. நெடிய வாசக் கேள்வித்தாள்கள் விண்ணப்பதாரர் வீடுகளுக்குப் போயின. வெளியேறுவோரை அப்போது கனடா முறையாகப் பதிவு செய்யவில்லை. ஆதாரம் கடவுச்சீட்டில்தான் இருந்தது. கட்டுநாயக்கவிலும் மீனம்பாக்கத்திலும் குத்திய முத்திரைகளைப் பூதக்கண்ணாடி வைத்துப் படித்து, வருகைக்கும் புறப்பாட்டுக்கும் இடைப்பட்ட நாட்களைக் கூட்டிக் கழித்தார்கள். விமானப் பயணிகளின் வெளியேற்றத் தரவு 2020இலிருந்துதான் அரசின் கைக்கு நேரடியாக வருகிறது.

வரையறை கடைசியில் 2014ஆம் ஆண்டுத் திருத்தத்தில் வந்தது. 2015 ஜூன் 11 முதல் வாசம் என்றால் உடலால் இருத்தல்தான்: 6 ஆண்டில் 1,460 நாள், அதில் நான்கு நாட்காட்டி ஆண்டுகளில் ஆண்டுக்குக் குறைந்தது 183 நாள். முன்பிருந்த அரை நாள் சலுகை போயிற்று. மொழித் தேர்வு 64 வயதுவரை நீண்டது. பெற்றோருக்கு நாட்கணக்கைவிட அதுவே பெரிய இடியாக இருந்திருக்கும். 2017 அக்டோபர் 11இல் அடுத்த அரசு பலவற்றைத் திருப்பிப் போட்டது: 5 ஆண்டில் 1,095 நாள், 183 நாள் விதி நீக்கம், தற்காலிகமாக இருந்த நாட்களுக்கு அரை நாள் வீதம் 365 வரை வரவு, 55 வயதிலிருந்து மொழித் தேர்வு இல்லை. வாசத்தின் வரையறையை மட்டும் அது தொடவில்லை. கூவின் ஆறு கேள்விகள் திரும்பி வரவில்லை.

ஆண்டுக்கு 150 நாள் ஊரில், 215 நாள் கனடாவில் என்று வாழும் ஒரு தாயை எடுத்துக்கொள்வோம். 1977 சட்டத்தில் நான்காண்டில் அவருக்கு 860 நாள்; 235 குறைவு. ஆயினும் கூ சோதனையை ஏற்கும் நீதிபதி அமைந்தால் தேறலாம். 2015 விதியில் 183 நாள் நிபந்தனையைத் தாண்டிவிடுவார்; ஆனால் ஆறாண்டில் 1,290தான், 170 குறைவு. இன்றைய விதியில் ஐந்தாண்டுக்கு 1,075. வெறும் 20 நாளில் நழுவுகிறது. முன்பு சுற்றுலா விசாவில் இங்கிருந்த நாட்கள் அந்த ஐந்தாண்டுக்குள் விழுந்தால் தப்பலாம். 730 நாள் போதும் என்பதால் நிரந்தர வதிவுரிமைக்கு மட்டும் ஒரு குறையும் வராது. குடியுரிமைக்குப் போகாமல் ‘பிஆர் கார்டை’ (நிரந்தரவாசி அட்டையை) மட்டும் புதுப்பித்துக்கொண்டே காலம் தள்ளும் பெற்றோர் இருப்பதற்கு இந்த இடைவெளியும் ஒரு காரணம். இந்தியக் கடவுச்சீட்டை விட மனமில்லாதது இன்னொன்று.

ஈழத்திலிருந்து அகதிகளாக வந்தோருக்கு நாட்களின் எண்ணிக்கையைவிடப் போன இடம் ஆபத்தானது. 2012 டிசம்பர் திருத்தத்தின்படி, அகதியாக ஏற்கப்பட்டு நிரந்தரவாசியானவர் இலங்கைக் கடவுச்சீட்டு எடுத்து ஊர் போய்வந்தால், தாய்நாட்டின் பாதுகாப்பை மறுபடி ஏற்றுக்கொண்டதாக அரசு வாதிடலாம். வாதம் வென்றால் அகதி நிலையோடு வதிவுரிமையும் போகும். செத்த வீட்டுக்குப் போன பயணமானாலும் கேள்வி எழலாம். குடிமகனாகிவிட்டவரை இவ்விதி தொடாது. இங்கும் உறவுக்கடனே சிக்கலாகிறது. 2022இல் பெடரல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்த்த காலிண்டோ கமாயோ வழக்கில், கொலம்பியாவிலிருந்து சிறுவயதில் வந்த பெண் தகப்பனைக் கவனிக்கத் திரும்பிப் போனவர். பயணத்தின் நோக்கத்தையும், விளைவை அவர் அறிந்திருந்தாரா என்பதையும் எடைபோட வேண்டும் என்று நீதிமன்றம் சொன்னது. வாசத் தீர்ப்புகளிலிருந்து மறைந்த மனக்கணக்கு இப்படி வேறொரு வாசல் வழியே திரும்பியிருக்கிறது.

கடைசித் திருப்பம் 2025 டிசம்பர் 15இல் நடந்தது. வெளிநாட்டில் பிறந்த கனடியர், வெளிநாட்டில் பிறக்கும் தம் பிள்ளைக்குக் குடியுரிமை தர முடியாது என்று 2009இலிருந்து இருந்த தலைமுறைத் தடையை ஒன்டாரியோ உயர் நீதிமன்றம் 2023இல் அரசியலமைப்புக்கு முரண் என்றது. அதன் பிறகு வந்த புதுச் சட்டம், பிள்ளை பிறக்குமுன் அந்தப் பெற்றோர் கனடாவில் மொத்தம் 1,095 நாள் இருந்திருந்தால் போதும் என்கிறது. எண் அதேதான். ஆனால் ஐந்தாண்டுச் சட்டகம் இங்கே கிடையாது; பள்ளிக்கூடக் கோடை விடுமுறைகளில் சேர்த்த நாட்களும் செல்லும். அதே 1,095 நாளைப் பத்தாண்டில் துண்டு துண்டாகச் சேர்த்த நிரந்தரவாசித் தாய்க்கு, ஐந்தாண்டுக்கு முந்தைய ஒவ்வொரு நாளும் இன்றும் கழிந்துகொண்டே போகிறது.