சிங்கம் போட்ட நகம்

ஒரு நகத்தைப் பார்த்து முழுச் சிங்கத்தையே கற்பனை செய்வது கதை எழுதும் என் போன்றவர்களின் தொழில். தாமஸ் ஜெபர்ஸனும் அதையே செய்தார் என்று படித்தபோது எனக்குச் சற்று ஆறுதலாக இருந்தது!

வர்ஜீனியாக் குகையொன்றில் கிடைத்த பெரிய நகங்களைப் பற்றி 1797-ல் பிலடெல்பியாவில் அவர் ஒரு கட்டுரை சமர்ப்பித்தார். சிங்கத்தைவிடப் பன்மடங்கு பெரிய வேட்டை மிருகம் என்பது அவர் எண்ணம். அதற்குள், பாரிஸில் கூவியே 1796-ல் விவரித்திருந்த தென்னமெரிக்க எலும்புக்கூட்டின் படம் அவர் கண்ணில் பட்டது. நகங்கள் ஒத்திருந்தன. அதுவோ ஸ்லாத் என்னும் சோம்பல் பிராணியின் இனம், தழை தின்பது! ஜெபர்ஸன் அதை மறைக்கவில்லை. கட்டுரையின் கடைசியில் எழுதிச் சேர்த்தார்.

தழை தின்னும் சாதுவுக்கு அத்தனை பெரிய நகம் எதற்கு? முழங்கையைக் கேட்க வேண்டும். அர்ஜென்டினாவில் வாழ்ந்த அதன் உறவினங்கள் சிலவற்றில் முழங்கையின் பின்முனை எலும்பு நன்றாக நீண்டிருக்கிறது. கடப்பாரையின் பிடி நீண்டால் பாறை எளிதில் பெயருமல்லவா? அப்படித்தான். அந்தக் கை ஓடுவதற்கன்று, மண்ணைத் தோண்டுவதற்கு. மார் தெல் பிளாத்தா அருகே ஆள் நுழையக்கூடிய பழைய வளைகளின் சுவரில் நகக் கீறல்கள் இன்றும் இருக்கின்றன.

குகையில் கிடைத்த பிராணிக்குப் பின்னாளில் ஜெபர்ஸன் பெயரையே சூட்டினார்கள். என் சிங்கங்களை நான் இப்படி ஒருநாளும் விட்டுக்கொடுத்ததில்லை.