பனிக்கட்டிவழிக் குளிர் சேமிப்பின் வரலாறு

பனிக்கட்டிவழிக் குளிர் சேமிப்பு என்பது, மின்தேவை குறைந்த நேரத்தில் நீரை உறையவைத்து, தேவை மிகுந்த நேரத்தில் அப்பனிக்கட்டியை உருகச் செய்து கட்டடங்களைக் குளிரூட்டும் முறை ஆகும். குளிரூட்டிகளை இன்றும் '1 டன்', '1.5 டன்' என்று குறிப்பிடுவது பனிக்கட்டிக் காலத்தின் எச்சமாகும். இந்த டன் கருவியின் எடையன்று. ஓர் அமெரிக்க டன் (ஏறத்தாழ 907 கிலோகிராம்) பனிக்கட்டி 24 மணி நேரத்தில் உருகும்போது வெப்பத்தை உறிஞ்சும் வீதமே அது. இன்றைய அளவில் இது சுமார் 3.5 கிலோவாட் ஆகும்.

இயற்கைப் பனிக்கட்டி

19ஆம் நூற்றாண்டில் பிரெடரிக் டியூடர் என்ற அமெரிக்க வணிகர், மாசசூசெட்சு ஏரிகளில் வெட்டிய பனிக்கட்டியைக் கப்பலில் அனுப்பி விற்றார். 1833இல் அவரது சரக்கு கல்கத்தாவை அடைந்தது. சென்னைக் கடற்கரையில் இதற்காக எழுந்த கிடங்கே 'ஐஸ் ஹவுஸ்'. இன்று அது விவேகானந்தர் இல்லம். அங்கு வந்த பனிக்கட்டி பானங்களுக்கும் மருத்துவத்துக்குமே பயன்பட்டது.

பனிக்கட்டியால் ஓர் அறையையே குளிர்விக்கும் முயற்சி 1881இல் வாசிங்டனில் நடந்தது. சூலை 2 அன்று சுடப்பட்ட குடியரசுத் தலைவர் சேம்சு கார்பீல்டு, கோடை வெப்பத்தில் வெள்ளை மாளிகையில் படுத்திருந்தார். கடற்படைப் பொறியாளர்கள் பனிநீரில் நனைந்த துணித் திரைகளின் வழியே காற்றைச் செலுத்தினர். அறை குளிர்ந்தது, ஆனால் நூறு டன்னுக்கும் மேற்பட்ட பனிக்கட்டி கரைந்தது. செப்டம்பர் 19 அன்று அவர் இறந்தார்.

இயந்திரக் காலம்

1930களில் அமெரிக்கத் திரையரங்குகளும் தேவாலயங்களும் குளிர் சேமிப்பைக் கையாண்டன. தேவாலயத்துக்குக் குளிர்ச்சி தேவைப்படுவது வாரத்தில் சில மணி நேரமே. அதற்காகப் பெரிய இயந்திரம் வாங்குவது வீண் செலவு. எனவே சிறிய இயந்திரத்தை நீண்ட நேரம் இயக்கிப் பனிக்கட்டி சேர்த்தனர். பால் பண்ணைகளும் கறந்த பாலை விரைந்து குளிர்விக்க இவ்வழியைப் பின்பற்றின. பின்னர் இயந்திரங்களும் மின்சாரமும் மலிவடைய, கட்டடங்களில் சேமிப்பு மறக்கப்பட்டது.

மறுவருகை

கோடைப் பிற்பகலில் எல்லா அலுவலகக் குளிரூட்டிகளும் ஒரே நேரத்தில் இயங்குவதால் மின்தேவை உச்சமடைகிறது. அச்சில மணி நேரத்துக்காகவே தனி மின்நிலையங்களைப் பராமரிக்க வேண்டியுள்ளது. 1970களின் எண்ணெய் நெருக்கடிக்குப் பின், அமெரிக்க மின் நிறுவனங்கள் இரவுக் கட்டணத்தைக் குறைத்தும் ஊக்கத்தொகை வழங்கியும் தேவையை இரவுக்கு மாற்ற முயன்றன. இதனால் பனிக்கட்டித் தொட்டிகள் கட்டடங்களுக்குத் திரும்பின. 1995இல் சிகாகோ நகர மையத்தில், பனிக்கட்டி சேமித்துப் பல கட்டடங்களுக்குக் குழாய்வழிக் குளிர்நீர் வழங்கும் நிலையம் செயல்படத் தொடங்கியது.

சிக்கனத்தின் தன்மை

ஒரு கிலோகிராம் பனிக்கட்டி உருகும்போது 334 கிலோசூல் வெப்பத்தை உறிஞ்சுகிறது. ஒரு கிலோகிராம் நீரை 80 பாகை செல்சியசு சூடாக்கத் தேவையான வெப்பத்துக்கு இது ஏறத்தாழச் சமம். எனவே குளிர்நீர்த் தொட்டியைவிடப் பனிக்கட்டித் தொட்டிக்கு மிகக் குறைந்த இடம் போதும்.

எனினும் இம்முறை மின்சாரத்தையே மிச்சப்படுத்துவதாகக் கருதுவது சரியன்று. நீரை உறையவைக்க, இயந்திரம் சுழியப் பாகைக்கும் கீழே குளிர வேண்டும். அதனால் அதன் திறன் குறைகிறது. இரவுக் காற்றின் குளிர்ச்சி இவ்விழப்பை ஓரளவே ஈடுசெய்யும். உண்மையில் மாறுவது மின்சாரம் செலவாகும் நேரமே. கட்டண வேறுபாடு இல்லாத இடத்தில் இம்முறையால் பெரிய ஆதாயம் கிடைப்பதில்லை.

இந்தியாவில் 2023இல் திருத்தப்பட்ட மின் நுகர்வோர் விதிகள், சூரிய மின்சாரம் கிடைக்கும் பகல் நேரத்துக்குக் குறைந்த கட்டணத்தையும் உச்ச நேரத்துக்குக் கூடுதல் கட்டணத்தையும் வகுத்தன. இரவில் உறையவைத்துப் பகலில் உருக்கிய வழக்கம் இதனால் தலைகீழாகலாம். நண்பகல் வெயிலில் உறையும் பனிக்கட்டி மாலை நேரக் குளிர்ச்சிக்கு உதவக்கூடும்.